தசைதான்

மாஸ்க்கை மாட்டியாச்சென்றால் பாக்கியம் மேடத்தின் வாய்க்கு லீவு. மூக்கையும் வாயையும் சேர்த்து ரப்பர் கவ்விக்கொள்ளும், அதற்குப் பிறகு மூச்சு மட்டும்தான் வெளியே போகும், பேச்சு போகாது, போன மூச்சும் குழாய் வழியாக மெஷினுக்குள் போய் எவ்வளவு ஆக்சிஜன் தின்றாய், எவ்வளவு கரியமில வாயு துப்பினாய் என்று திரையில் கோடாக வந்து நிற்கும். நாள் முழுக்கப் பேசுகிற பொம்பளைக்கு இது ஒரு நல்ல ஓய்வு என்று ஸ்டாஃப் ரூமில் கேலி உண்டு. பேசட்டும். டிரெட்மில்லைச் சுற்றி முதல் வருஷப் பிள்ளைகள் அரைவட்டமாக நிற்கிறார்கள், எல்லாம் புது டிராக் சூட், புது வாசனை, கபடியும் ஹாக்கியும் ஆடி வளர்ந்த கால்கள், முகத்தில் மட்டும் பரீட்சைக்குப் போகிற பயம். வருஷா வருஷம் உடலியல் லேப்பின் முதல் வகுப்பு இப்படித்தான், வாத்தியார் முதலில் ஏறி ஓட வேண்டும், மூச்சு முட்டுகிற எல்லை வரைக்கும், பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, இந்தக் கல்லூரிக்கு அவள் வந்த வருஷம் அவளே ஆரம்பித்து வைத்தது, தான் ஏறாத மெஷினில் அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏற்றி விடுவது என்ன வாத்தியார்த்தனம். டாக்டர் அன்னபாக்கியம், உடற்பயிற்சி உடலியல் பேராசிரியர், ஐம்பதைத் தாண்டி சில வருஷம் ஆகிறது, தாண்டினது பார்த்தால் தெரியாது என்று அவளே சொல்லுவாள், சொல்ல வேறு ஆள் எதற்கு. பெல்ட் மெதுவாக நகர ஆரம்பித்தது. நடை. இது ஒன்றுமே இல்லை, காய்கறிக் கடைக்குப் போகிற நடை. ஆனால் இந்த வருஷம் அரைவட்டத்துக்குப் பின்னால் பிரின்ஸ்பால் வெங்கடபதி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அதுதான் புதுசு. இப்போது நிற்கிற இந்தப் புது லேப்பைக் கட்டி முடித்தாயிற்று, பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை, அதற்கு யார் பொறுப்பு என்பதை இந்த வாரத்துக்குள் அவர் சொல்ல வேண்டும், ஒன்று பாக்கியம், இல்லையென்றால் இசக்கிராஜ். அந்த இசக்கிராஜ் சார்தான் இப்போது அவளுக்குப் பக்கத்தில் நின்று மெஷினை நடத்துகிறார், டெக்னீசியன் பெண் பிரசவ லீவு. போட்டிக்காரன் கையில் சுவிட்ச். வேடிக்கைதான்.

கால் சுகமாகப் போகிறது. குதிகால், பாதம், பெருவிரல், குதிகால், பாதம், பெருவிரல், இந்த மூன்று சொல்லை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள், சொல்லிச் சொல்லி ரோட்டில் போகிற யாரையும் முகம் பார்த்துப் பழக்கமில்லை, நடையைப் பார்த்துத்தான். மார்பில் பத்து இடத்தில் ஒட்டு, பத்திலிருந்தும் வயர், அந்த வயரெல்லாம் ஈ.சி.ஜி. மெஷினுக்கு. தடுப்புத் துணிக்குப் பின்னால் வைத்து ஒட்டி விட்டது ஜொஹரா என்கிற பிள்ளை, காயல்பட்டினத்துக்காரி, கை சில்லென்று இருந்தது, ஆனால் இடம் தப்பாமல் ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே, "மேடம், தோள்ல இது என்ன மேடம்?" என்று கேட்டாள். நீல டேப். "தசை பிடிப்பு. கம்ப்யூட்டர் முன்னாடி குனிஞ்சு உக்காந்தா உனக்கும் வரும்," என்று சொன்னாள். வரும்தான். பொய்யா சொன்னாள். இடது தோளில் ஆரம்பித்துக் கழுத்தோரமாக ஏறித் தாடையில் போய் உட்காருகிற ஒரு இறுக்கம், ஒரு மாதமாக, மாடிப்படி ஏறும்போது, கோயில் மேட்டில் பாட்டுப் புஸ்தகம் தூக்கிக்கொண்டு வேகமாக ஏறும்போது. கொஞ்ச தூரம் நடந்தால் தானாக விட்டுவிடும். விட்டுவிடுகிறதே, அதுதான் பாயிண்ட். சூடு ஏறினால் விடுகிற வலி தசை வலி, தோள்பட்டையைத் தூக்குகிற தசை இருக்கிறதே அது கழுத்தில்தான் தொங்குகிறது, அது இறுகினால் தாடை வரைக்கும் இழுக்கும், படம் போட்டுக் காட்டலாம். ரப்பர் உருளையைத் தோளுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்து உருட்டினாள், டேப் ஒட்டினாள், பரவாயில்லை. "ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துரேன் பாக்கியம்," என்றார் வீட்டுக்காரர் ஜெபராஜ். "நானே டாக்டர்தானே," என்றாள். "நீ ஊசி போடாத டாக்டர்," என்றார் அவர், இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துத் தோசை கருகிப் போனது. நல்ல மனுஷன். பயந்த மனுஷன். தும்மினால் கூட கூகுளில் தேடுவார். தசைதான்.

பெல்ட் வேகம் கூடிற்று, முன்பக்கம் லேசாகத் தூக்கிற்று. மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் வேகமும் கூடும், மேடும் கூடும், அதுதான் முறை, மனுஷன் எங்கே நிற்பான் என்று தெரிகிற வரைக்கும் மெஷின் விடாது. "மேடம், எப்படி?" என்று இசக்கிராஜ் கேட்டார். பாக்கியம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். தூக்கினால் போகலாம், கவிழ்த்தால் நிறுத்து. இத்தனை வருஷத்தில் அவள் கட்டைவிரல் கவிழ்ந்ததில்லை, மெஷின்தான் அவளிடம் தோற்றிருக்கிறது, ஆக்சிஜன் கோடு இனி ஏற வழியில்லை என்று சமமாகப் படுத்துக்கொள்ளும், அதைப் பார்த்த பிறகுதான் இறங்குவாள். இன்றைக்கும் அப்படித்தான். பின்னால் பிரின்ஸ்பால் குரல், மாஸ்க் போட்ட ஆளுக்குக் காது கேட்காது என்று நினைப்பு போல, "இந்த வயசுலயும் மேடம் என்னமா போறாங்க சார்! நம்மளால முடியுமா?" என்கிறார். இந்த வயசுலயும். அந்த உம் எதற்கு. இசக்கிராஜ், "அவங்க ஓட்டக்காரி சார். நான் பளு தூக்குறவன். எனக்கு பஸ் புடிக்க ஓடினாலே சோதனைதான்," என்று சொல்லப் பிள்ளைகள் சிரித்தார்கள். தன்னையே கேலி பண்ணிக் கைதட்டல் வாங்கிக்கொள்ளுவார், கெட்டிக்காரர். இருபது வருஷமாக ஒரே ஸ்டாஃப் ரூம், எதிரெதிர் மேஜை, அவருக்குப் பலம்தான் உலகம், இவளுக்கு மூச்சுதான் உலகம். கருத்தரங்கில் இவள் பேசினால் கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வரும், பார்த்தால் இசக்கிராஜ். அவர் ஆராய்ச்சி மாணவனின் வாய்மொழித் தேர்வில் இவள் கேட்ட ஒரே கேள்விக்கு அந்தப் பையன் தண்ணி கேட்டான். பகையென்று சொல்ல முடியாது, கிறிஸ்மஸ் கேக்குக்கு வருவார், அவர் ஊர்க் கோயில் கொடைக்குப் போனால் படையல் சோறு வரும். ஆனால் புது லேப் ஒன்றுதான் இருக்கிறது. அதில் யார் பெயர்ப்பலகை. பளு தூக்குகிறவர் கையில் போனால் இங்கே இரும்புத்தட்டு வந்து இறங்கும், மூச்சு மெஷின் மூலைக்குப் போகும், உறை போட்டு மூடி வைப்பார்கள், நினைக்கவே வயிறு எரிகிறது. விட மாட்டாள்.

அடுத்த கட்டம். இனி நடக்க முடியாது, ஓட்டம்தான், சின்ன ஓட்டம். வந்தது. இடது தோளில் தொடங்கி, யாரோ உள்ளே இருந்து துணி பிழிகிறது போல, கழுத்தோரம், தாடை. சரி, வா, எதிர்பார்த்ததுதான். ஜொஹரா அட்டையை முகத்துக்கு நேராக நீட்டினாள், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு எண்கள், ஆறு என்றால் சும்மா படுத்திருக்கிற மாதிரி, இருபது என்றால் இனி முடியவே முடியாது. பாக்கியம் பதின்மூன்றில் விரலை வைத்தாள். கொஞ்சம் கஷ்டம். பதினாறு என்று உடம்பு சொன்னது, விரல் பதின்மூன்றுக்குப் போய்விட்டது, ஓட்டக்காரர்கள் எல்லாரும் இந்த அட்டையில் பொய் சொல்லுவார்கள், அதைப் பற்றி அவளே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள், அச்சில் வந்தது, இப்போது அதை நினைத்துச் சிரிக்கலாம், மாஸ்க்குக்குள் சிரித்தால் மூச்சுக் கணக்கு குழம்பும். எண்ணூறு மீட்டர் ஓடினவளுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு. யூனிவர்சிட்டி மீட்டில் அந்த இரண்டாவது சுற்று, முதல் வளைவில் நெஞ்சு வெடிக்கிற மாதிரி வந்து, இத்தோடு சரி, புல்லில் படுத்துவிடலாம் என்று தோன்றி, படுக்காமல் இன்னும் பத்து எட்டு, இன்னும் பத்து எட்டு என்று இழுத்துக்கொண்டு போனால், அடா, எங்கிருந்தோ ஒரு கதவு திறந்து காற்று உள்ளே வரும். செகண்ட் விண்ட் என்பார்கள், இரண்டாம் மூச்சு. அந்தக் கதவைக் கண்டவர்கள் கண்டவர்கள்தான், அது எதனால் வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் அவள் படிக்கவே போனாள், இரண்டு பட்டமும் டாக்டர் பட்டமும் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததுதான். வலி வந்தால் நிற்காதே, வலி வழி விடும். அப்படித்தான் தாடை இறுக்கமும் இதோ இப்போது விடும். பத்து எட்டு. விடும். தோளைத் தொங்கப் போடு, கையை முன்னும் பின்னுமாக வீசு, குறுக்கே வீசாதே. தசைதான்.

விட்டது. பார்த்தாயா, விட்டது, லேசாக, பிழிகிற கை கொஞ்சம் தளர்ந்த மாதிரி. அண்ணன் ஞாபகம் எதற்கு இப்போது வருகிறது. அண்ணனுக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தது போன ஈஸ்டருக்கு முன்னால், மதுரையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் மதினி ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பீடி குடிப்பான். கறி இல்லாமல் சோறு இறங்காது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், அவன் கதை வேறு. ஒரே தாய் வயிறு, ஆனால் கதை வேறு. அவனுக்கும் தாடை வலிதான் முதலில் வந்தது, பல் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தான் பைத்தியக்காரன், நல்ல பல்லை. பல்லு வைத்தியருக்கு எல்லாம் பல்லு. சீ, இதை இப்போது எதற்கு. மேடு இன்னும் கூடிற்று, வேகமும். ஆஹா, இது ஓட்டம். மூச்சு நன்றாக இறங்குகிறது, கால் இரண்டும் பேச்சு கேட்கிறது, இந்தக் கால்களை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன பயம். வந்துவிட்டது, திரும்ப வந்துவிட்டது, இப்போது தோளில் தொடங்கவில்லை, நடு நெஞ்சில், எலும்புக்குப் பின்னால், யாரோ முழங்காலை ஊன்றி உட்கார்ந்த மாதிரி. இதற்கு என்ன தசை? பெக்டோரல், மார்புத் தசை. அது இங்கே இல்லை, இன்னும் பக்கவாட்டில். விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசை. அது மூச்சு இழுக்கும்போது மட்டும் வலிக்கும், இது இழுத்தாலும் விட்டாலும் அப்படியே இருக்கிறது. வேறே. உதரவிதானம். வேறே. ஒவ்வொரு தசையாகக் கூப்பிட்டுப் பார்த்தாள், ஒன்றும் கை தூக்கவில்லை. கட்டைவிரலைக் கவிழ்த்தால் முடிந்துபோகும். கவிழ்த்தால் பிரின்ஸ்பால் அந்த உம்மை எடுத்துக்கொண்டு போய் ஃபைலில் வைத்துவிடுவார், இந்த வயசுக்கு மேல் பாவம் எதற்கு, தியரி மட்டும் எடுக்கட்டும், லேப் இசக்கிராஜ் பார்த்துக்கொள்ளட்டும். ஆக்சிஜன் கோடு இன்னும் படுக்கவில்லை. இன்னும் ஒரு கட்டம். ஒரே கட்டம். எண்ணூறில் கடைசி வளைவு மாதிரி.

"மேடம், எப்படி?" என்றார் இசக்கிராஜ். கட்டைவிரல் மேலே. அவர் அவளைப் பார்க்கவில்லை, ஈ.சி.ஜி. திரையைப் பார்க்கிறார், திரை அவர் பக்கம் திரும்பியிருக்கிறது, ஓடுகிறவர் தன் இருதயத்தைத் தானே பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படித் திருப்பி வைப்பது. என்ன தெரிகிறது அவருக்கு. புருவம் ஏன் அப்படிப் போகிறது. "மேடம், நெஞ்சுல எதாவது செய்யுதா?" கட்டைவிரல் மேலே, இன்னும் உயரமாக, கை நடுங்காமல். ஒன்றும் செய்யவில்லை ஐயா, நீர் வேகத்தைக் கூட்டும். அவர் கை போனது வேகத்துக்கு இல்லை. சிவப்புப் பித்தான். பெல்ட் தளர்ந்தது, மேடு இறங்கிற்று, கால் இரண்டும் ஏமாந்த பிள்ளை மாதிரி நடைக்குத் திரும்பின. பாக்கியத்துக்குக் கண் இருட்டிய கோபம். நான் நிறுத்தச் சொன்னேனா? கட்டைவிரல் மேலே, மேலே, பார்வை கெட்டுப் போச்சா உமக்கு! இதற்குத்தானே காத்திருந்தீர், இருபது வருஷம், பிரின்ஸ்பால் நாற்காலி போட்டு உட்காருகிற ஒரு நாளுக்காக. மாஸ்க்குக்குள் அவள் என்னவோ கத்தினாள், அது குழாய் வழியாக மெஷினுக்குப் போயிற்று. "என்ன சார், மேடம் ஓகேன்னுதானே காட்டுறாங்க? ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பிரின்ஸ்பால் எழுந்து வந்தார். "ஏய், யாராவது ஒருத்தர் நூத்தியெட்டுக்கு போன் போடுங்கல! கட்டில இங்க இழுங்க!" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினார் இசக்கிராஜ், மைதானத்துக் குரல். பளு தூக்குகிற கையால் அவளை அப்படியே தாங்கிக் கட்டிலில் தலை உயர்த்திச் சாய்த்து, மாஸ்க்கை அவிழ்த்தார், வயரை அவிழ்க்கவில்லை. அந்தக் கை நடுங்குகிறது. நடுங்குகிற கையைக் கண்டதும்தான் அவளுக்குக் கோபம் பாதியில் நின்றது. ஜெயித்தவன் கை இப்படியா நடுங்கும்.

"நான் விரல் காட்டினேன்லா?" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "நீங்க காட்டுவிய. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா," என்றார் இசக்கிராஜ். "ஈ.சி.ஜி. பேப்பரைக் குடுங்க," என்றாள். "மேடம், பேசாம படுங்க." "இசக்கிராஜ் சார், பேப்பரைக் குடுங்க." கொடுத்தார். கட்டம் போட்ட நீளத் தாளில் அவள் இருதயம் ஓடியிருந்தது. முதலில் சாதுவாக, துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் கோடு இருக்க வேண்டிய மட்டத்தில். பிறகு, அவள் அட்டையில் பதின்மூன்றைத் தொட்ட நேரத்திலேயே, அந்தக் கோடு மட்டத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அதற்கும் பிறகு இன்னும் கீழே, சரிந்த கூரை போல. ஒருமுறை பார்த்தால் போதும், இரண்டாம்முறை பார்க்க வேண்டாம், ஆனால் இரண்டாம்முறையும் பார்த்தாள், மேலே எழுதியிருக்கிற பெயரையும் பார்த்தாள். அவள் பெயர்தான். தசைதான், ஆமாம், தசையேதான், மார்புக்குள்ளே இருக்கிற அந்த ஒன்றை மட்டும் அவள் கூப்பிடவே இல்லை. நெஞ்சில் ஊன்றியிருந்த முழங்கால் விலகிவிட்டது, வலி அநேகமாகப் போய்விட்டது, ஓட்டம் நின்று படுத்ததும் போய்விட்டது, அப்படிப் போனதே அது இருதய வலி என்பதற்கு ஒரு சாட்சி. அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை. அரைவட்டம் அப்படியே நிற்கிறது, ஒரு பிள்ளைக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், வகுப்பு முடிய இன்னும் நேரம் இருக்கிறது. முதல் வகுப்பில் இந்தப் பிள்ளைகள் இதை இப்படிப் பார்த்துவிட்டுப் பயந்து போனால் ஆயுசுக்கும் இந்த லேப் கதவைத் தள்ள மாட்டார்கள்.

"எல்லாரும் கிட்ட வாங்க," என்றாள். இசக்கிராஜ், "மேடம்!" என்றார். "வண்டி வர்ற வரைக்கும் இது என் கிளாஸ் சார். மெதுவாத்தான் பேசுவேன், பயப்படாதீங்க." தாளைத் திருப்பிப் பிள்ளைகள் பக்கமாகப் பிடித்தாள். "சப்ஜெக்ட், அதாவது டெஸ்டுக்கு ஏறின ஆள், ஐம்பது தாண்டின பெண். நல்லா ஓடுவாங்க. ஓடுறதுனால தனக்கு ஒண்ணும் வராதுன்னு நினைச்சவங்க. ஒரு மாசமா மேடு ஏறினா தாடை இறுக்கம், நடந்தா விட்டுரும். கூடப் பிறந்தவருக்கு இருதயத்துல அடைப்பு. இதையெல்லாம் டெஸ்டுக்கு முன்னாடி சொல்லல. இந்தக் கோடு இங்க கீழ இறங்குது பாருங்க, இருதயத் தசைக்கு ரத்தம் பத்தலைன்னா இப்படி இறங்கும். சப்ஜெக்ட் போகலாம்னு விரல் காட்டுறாங்க. நடத்துறவர் விரலைப் பாக்கணுமா, கோட்டைப் பாக்கணுமா?" "கோட்டை," என்று அவளே சொன்னாள். "சார் பண்ணினது நூத்துக்கு நூறு சரி. பரீட்சையில இந்த இடத்துல நிறுத்தாம விடுற ஆளை நான் ஃபெயில் போடுவேன்." பிரின்ஸ்பால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். இசக்கிராஜ் மூலையில் இருந்த தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் மெயின் கேட் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. வயரைப் பிடித்தபடி பக்கத்தில் நின்ற ஜொஹரா, கண்ணெல்லாம் தண்ணீர், இருந்தும் கேட்டாள், அந்தப் பிள்ளைக்குக் கேள்வி நாக்கில் நிற்காது போல. "மேடம், அப்ப இந்த சப்ஜெக்ட் திரும்ப எப்ப மேடம் லேப்புக்கு வரலாம்?"

பாக்கியம் வாயைத் திறந்தாள். ஆறு வாரம் என்று சொல்லலாம். மருந்து போட்டால் சீக்கிரம் என்று சொல்லலாம், அதுவும் பொய்யில்லை. அந்த அட்டையில் விரல் போன மாதிரி நாக்கும் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள். புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறிற்று, எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்திருக்கிறார்கள் இந்த லேப்புக்கு, இப்போதுதான் பார்க்கிறாள். "டாக்டர் பாத்து, என்ன அடைப்புன்னு தெரிஞ்சு, சரி பண்ணி, எழுத்துல அனுமதி குடுக்குற வரைக்கும் வரக் கூடாது," என்றாள், கடைசி வரிசைக்கும் கேட்கிற வகுப்புக் குரலில். "எவ்வளவு நாளாகும்னு இப்பச் சொல்ல முடியாது. வராமலே கூடப் போகலாம். அதுவரைக்கும் லேப்பை இசக்கிராஜ் சார் பாப்பாங்க. எழுதிக்கிடுங்க." பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள்.